வருமான வரி ரிட்டர்னுக்கு ஆடிட்டர் வேண்டுமா, வேண்டாமா?

சம்பளம் எவ்வளவு என்று பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். மாதம் ஒன்றேகால் லட்சம் வாங்கும் தலைமையாசிரியர் தன் ரிட்டர்னைத் தானே போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் எழுந்து போகலாம். முப்பதாயிரம் சம்பளக்காரர் கைப்பேசியில் ஆப்ஷன் (பங்கு விலை எங்கே போகும் என்று கணித்துப் போடும் ஒப்பந்தம்) வாங்கி விற்றுப் பழகியிருந்தால், ஆடிட்டர் இல்லாமல் கரையேறுவது சிரமம். பணம் எத்தனை வழியில் வந்தது, அந்த வருஷம் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

நான் பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் சம்பளப் பில் போட்டு ஓய்வு பெற்றவன். பிப்ரவரி வந்தால் எல்லா ஆசிரியர்களின் வருமான வரிக் கணக்குத் தாளையும் சரிபார்ப்பது, காலாண்டுக்கு ஒருமுறை 24க்யூ என்ற சம்பள வரிப் பிடித்தக் கணக்கைப் போட ஆடிட்டர் ஆபீசுக்கு அலைவது, ஜூனில் ஃபார்ம் 16 (சம்பளமும் அதில் பிடித்த வரியும் காட்டும் சான்று) வாங்கிக் கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். ஓய்வுக்குப் பிறகும் விட்டபாடில்லை. "அண்ணாச்சி, ஃபார்ம் 16 வந்துட்டு. இதுக்கு ஆடிட்டர்ட்ட போகணுமா?" என்று தெருவில் யாராவது காகிதத்தோடு வந்து நிற்பார்கள். நான் ஆடிட்டர் இல்லை, காசு வாங்கி யாருக்கும் ரிட்டர்ன் போடுவதும் இல்லை. யார் தானே போடலாம், யார் போய்த்தான் ஆக வேண்டும் என்று பிரித்து அனுப்புவேன், அவ்வளவுதான்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தனிநபர் ரிட்டர்னை சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்தான் போட வேண்டும் என்று எங்கும் இல்லை. வியாபாரத்தின் விற்றுமுதல் வரம்பைத் தாண்டித் தணிக்கை கட்டாயமாகும்போதுதான் அவர் கையெழுத்து வேண்டும். இன்னொன்று, ரிட்டர்னை யார் தட்டச்சு செய்தாலும் கடைசியில் இருக்கும் உறுதிமொழி உங்கள் பெயரில்தான் இருக்கும். தப்பு இருந்தால் நோட்டீஸ் உங்கள் பான் எண்ணுக்குத்தான் வரும். "ஆடிட்டர்தான் போட்டார்" என்ற பதில் அங்கே எடுபடாது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள்வரை வந்த வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான். கீழே வரும் பிரிவு எண்கள், படிவ எண்கள் எல்லாம் அந்தப் பழைய சட்டத்தினுடையவை.

முதலில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்

ஆடிட்டரிடம் போவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாலும் இதைச் செய்யுங்கள். ஜூன் 15க்குப் பிறகு ஒரு சாயங்காலம் போதும். அதற்கு முன்னால் உட்கார்வதில் பிரயோஜனம் இல்லை. கடைசிக் காலாண்டுப் பிடித்தக் கணக்கை மே 31 வரை தாக்கல் செய்ய அலுவலகங்களுக்கு அவகாசம் உண்டு, ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரை அவகாசம். அதுவரை கணினியில் தெரிவது அரைகுறைக் கணக்கு.

வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் நுழைந்து 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் இறக்குங்கள். 26ஏஎஸ்-இல் உங்கள் பெயரில் பிடித்த வரி இருக்கும். ஏஐஎஸ் அதைவிட விரிவானது. எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது, என்ன பங்கு விற்றீர்கள், எந்தச் சொத்து பதிவானது என்று வரிசையாகக் கிடக்கும். ஒரு நோட்டில் இடது பக்கம் உங்களுக்குத் தெரிந்து வந்த பணத்தை எழுதுங்கள். வலது பக்கம் ஏஐஎஸ் சொல்வதை எழுதுங்கள்.

பெரும்பாலும் உதைப்பது வைப்புத்தொகை வட்டியில்தான். ஒரு டீச்சருக்கு வருஷ வட்டி ரூ. 56,000 என்று வையுங்கள். வங்கி 10 சதவீதம், அதாவது ரூ. 5,600 பிடித்திருக்கும். "அதான் பேங்கிலயே பிடிச்சிட்டாங்களே, திரும்ப எதுக்குக் காட்டணும்?" என்று கேட்பார். அவர் 20 சதவீத அடுக்கில் இருந்தால் அந்த வட்டிக்கு செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து ரூ. 11,648 வரி. மீதி ரூ. 6,048 அவர் கட்ட வேண்டியது. வங்கி பிடிப்பது முன்பணம் மாதிரித்தான், அதோடு கணக்கு முடிந்துவிடாது.

ஏஐஎஸ் சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் முதல் பெயர்க்காரர் தலையில் மொத்த வட்டியும் விழும். போட்ட பணம் மற்றவருடையது என்றால், அந்தப் பதிவுக்குப் பக்கத்திலேயே கருத்து தெரிவிக்க வசதி இருக்கிறது. அங்கே சொல்லி வையுங்கள்.

இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் ரிட்டர்னைத் திறந்து, முன்கூட்டியே நிரப்பி வரும் விவரங்களை ஃபார்ம் 16 வைத்துச் சரிபார்த்துக்கொண்டே கடைசிப் பக்கம் வரை போங்கள். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தாதவரை ஒன்றும் ஆகாது. வரைவாகச் சேமித்து வைக்கலாம். வரி பாக்கி பூஜ்யம் என்றோ, உங்களுக்குக் காரணம் புரிகிற ஒரு தொகை என்றோ காட்டினால் உங்களுக்கு ஆடிட்டர் தேவையில்லை. ஏன் வந்தது என்றே விளங்காத தொகை நின்றால் மூடிவைத்துவிட்டு மறுநாள் ஆடிட்டரிடம் போங்கள். அப்போது "இந்தத் தொகை மட்டும் புரியலை" என்று குறிப்பாகக் கேட்க முடியும். அவருக்கும் நேரம் மிச்சம்.

பழைய முறையா (கழிவுகள் அதிகம்), புதிய முறையா (கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு) என்பதற்காக மட்டும் ஆடிட்டரிடம் போக வேண்டாம். அதற்கு அந்தத் தளத்திலேயே கணிப்பான் இருக்கிறது. 2025-26 வருமானத்துக்குப் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரருக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக்கழிவு ரூ. 75,000 போக 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும். வீட்டுக் கடன் வட்டி, வாடகைப் படிக் கழிவு, 80சி (எல்ஐசி, பிஎஃப் போன்ற சேமிப்புக்கான கழிவு) எல்லாம் தாராளமாக இருப்பவர்களுக்கு மட்டும் பழைய முறை இன்னும் லாபமாக வரலாம். அலுவலகத்தில் ஒரு முறையில் பிடித்திருந்தாலும், சம்பளக்காரர் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். பழைய முறையில் போடுகிறவர் எல்ஐசி பாலிசி எண், மருத்துவக் காப்பீட்டு விவரம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இப்போது படிவம் அதையெல்லாம் கேட்கிறது.

தானே போடலாம் என்று நான் திருப்பி அனுப்புகிறவர்கள்

சம்பளம் அல்லது பென்ஷன், கொஞ்சம் வட்டி, சொந்த வீடு, மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம். பட்டியலிட்ட பங்கிலோ பங்கு மியூச்சுவல் ஃபண்டிலோ வந்த நீண்டகால லாபம் ரூ. 1,25,000க்குள் இருந்தால் அதையும் இதிலேயே காட்டலாம். இவர்கள் ஆடிட்டருக்குக் கொடுக்கும் காசு தட்டச்சுக் கூலி. கண் சரியில்லை, கணினி ஒத்துவராது என்றால் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவர் போன பிறகு வரும் பென்ஷன் சம்பளத் தலைப்பில் வராது, இதர வருமானத்தில் வரும். அதற்கு ரூ. 75,000 நிலைக்கழிவும் கிடையாது. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ரூ. 25,000, எது குறைவோ அதுதான் புதிய முறையில் கழிவு. பழைய முறையில் ரூ. 15,000. ஆடிட்டர் ஆபீஸ் பையன்களே அவசரத்தில் இதைச் சம்பளமாகப் போட்டுத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். மாதம் 22,000 குடும்பப் பென்ஷனும் சிறிது வட்டியும் மட்டும் உள்ளவருக்கு வரி ஒன்றும் வராது. வங்கி வட்டியில் வரி பிடித்திருந்தால் அதைத் திரும்ப வாங்க மட்டும் ஐடிஆர்-1 போட்டால் போதும்.

75 வயது தாண்டி, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வருகிறவர்கள் அந்த வங்கியில் 12பிபிஏ உறுதிமொழி கொடுத்தால் வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துவிடும். ரிட்டர்னே போட வேண்டாம். இது பல வீடுகளில் தெரியாது.

அரியர் வாங்கிய வருஷம்

ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இருக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் போக முடியாது. தேர்வுநிலை (பணிக்காலத்தை வைத்துக் கிடைக்கும் ஊதிய உயர்வு) ஆணை தாமதமாக வரும். சில வருஷப் பாக்கி மொத்தமாக ஒரே மாதத்தில் விழும். வரி எகிறிவிடும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவருக்கு 2025-26இல் கழிவெல்லாம் போக ரூ. 11,90,000 வருமானம். புதிய முறையில் வரி பூஜ்யம். அந்த வருஷமே 2021-22க்கான அரியர் ரூ. 1,50,000 வருகிறது. வருமானம் 13,40,000 ஆகிறது. 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போய்விடும். வரி 81,000, செஸ்ஸோடு ரூ. 84,240. ஒன்றரை லட்சம் அரியருக்கு எண்பத்து நாலாயிரம் வரி! இதே பணம் 2021-22லேயே வந்திருந்தால் அப்போது பழைய முறையில் 20 சதவீத அடுக்கில் ரூ. 31,200தான் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ரூ. 53,040. பிரிவு 89இன்படி அதை நிவாரணமாகக் கேட்கலாம். புதிய முறையில் இருப்பவருக்கும் இது உண்டு.

ஆனால் ரிட்டர்ன் போடுவதற்கு முன்னால் படிவம் 10இ-யை அதே தளத்தில் தனியாகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். அலுவலகமே நிவாரணத்தைக் கணக்கில் எடுத்து ஃபார்ம் 16இல் காட்டியிருக்கும். அதனால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். 10இ இல்லையென்றால் ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் பெங்களூரு மையம் நிவாரணத்தை வெட்டிவிட்டு, வரி கட்டு என்று ஓலை அனுப்பும். பள்ளியில் இருந்தபோது ஆசிரியர்களுக்கு வந்த நோட்டீஸ்களில் அதிகம் பார்த்தது இதைத்தான்.

இதற்கு ஆடிட்டர் வேண்டுமா? ஒன்றிரண்டு வருஷத்து அரியர், அந்த வருஷங்களின் ஃபார்ம் 16 கையில் இருக்கிறது என்றால் வேண்டாம். பழைய வருஷங்களின் வருமானத்தையும் அரியர் பங்கையும் போட்டால் படிவமே கணக்கிடும். ஏழெட்டு வருஷம் பிரிந்து கிடக்கிறது, பழைய காகிதம் இல்லை என்றால் போங்கள். போகும்போது எந்த வருஷத்துக்கு எவ்வளவு என்ற பாக்கிப் பட்டியலை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். அது இல்லாமல் எந்த ஆடிட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நிலமோ வீடோ விற்கிறீர்களா? பத்திரத்துக்கு முன்னால் போங்கள்

ஆடிட்டருக்குத் தாராளமாகக் காசு கொடுக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் எல்லோரும் பதிவு முடிந்து, பணம் வாங்கி, பாதியைச் செலவழித்துவிட்டு அடுத்த ஜூலையில் போவார்கள். அப்போது அவரால் கூட்டிக் கழிக்கத்தான் முடியும். வரியைக் குறைக்கும் முடிவுகள் எல்லாம் அதற்குள் கைநழுவிப் போயிருக்கும்.

2024 ஜூலை 23க்கு முன்னால் வாங்கிய நிலம், கட்டடத்தை இங்கே வசிக்கும் தனிநபர் நீண்டகாலம் வைத்திருந்து விற்றால் இரண்டு வழியில் எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம். ஒன்று, பணவீக்கக் குறியீட்டால் அடக்கவிலையை உயர்த்தாமல் 12.5 சதவீதம். மற்றது, உயர்த்திக்கொண்டு 20 சதவீதம். 2005-06இல் 2 லட்சத்துக்கு வாங்கிய மனையை 2025-26இல் 30 லட்சத்துக்கு விற்றால் முதல் வழியில் வரி 3,50,000, இரண்டாவதில் சுமார் 4,71,000. அதே 2012-13இல் 18 லட்சத்துக்கு வாங்கி 40 லட்சத்துக்கு விற்றவருக்கு முதல் வழியில் 2,75,000, இரண்டாவதில் 1,23,200. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வாங்கிய வருஷமும் விலையும்தான் தீர்மானிக்கும். (குறியீட்டு எண்கள் 2005-06க்கு 117, 2012-13க்கு 200, 2025-26க்கு 376. நீங்களே போட்டுப் பாருங்கள்.)

அப்பா வழி வந்த சொத்து என்றால் அவர் வாங்கிய விலையும் தேதியும்தான் கணக்கு. 2001 ஏப்ரல் 1க்கு முந்தையது என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று பங்கு இருந்தால் அவரவர் பங்கை அவரவர் ரிட்டர்னில் காட்ட வேண்டும். மூத்தவர் கணக்கிலேயே மொத்தப் பணமும் விழுந்து, பிறகு அவர் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் அதிகம். அப்படிச் செய்வதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் போடும் விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தாலும் சிக்கல். 40 லட்சத்துக்கு விற்கிறீர்கள், வழிகாட்டி மதிப்பு 46 லட்சம் என்றால், 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருப்பதால் 46 லட்சத்துக்கே விற்றதாகக் கணக்கு. அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவது அதைவிட மோசம். ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. மஞ்சள் பையில் கட்டுக்கட்டாக வாங்கிவிட்டு ஆடிட்டர் முன் போய் உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்?

வயல் என்றால் வேறு கேள்வி. கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை, விற்றால் இந்த வரி கிடையாது. கிராமப்புறம் என்பதைத் தூரமும் மக்கள்தொகையும் முடிவு செய்யும். நகராட்சியில் பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள் என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. இந்தத் தூரத்துக்குள் இருந்தால் கிராமப்புறம் ஆகாது. தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள், ரோட்டு வழியாக அல்ல. திருநெல்வேலி மாநகராட்சிக்கு 6 கிலோமீட்டர். ஐந்தரையா, ஆறரையா என்பதில் லட்சக்கணக்கான ரூபாய் நிற்கிறது. தூரத்துக்குச் சான்றும், பயிர் செய்ததற்கு அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு) நகலும் விற்பதற்கு முன்பே வாங்கி வைத்தால் நிம்மதி.

லாபத்தை வேறு வீட்டில் போடுவது, அரசு நிறுவனங்களின் 54இசி கடன் பத்திரங்களில் போடுவது என்று வரியைத் தவிர்க்கச் சட்டப்படியே வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. 54இசிக்கு ஆறு மாதம், 50 லட்சம் வரை. வீடு வாங்க இரண்டு வருஷம், கட்ட மூன்று வருஷம். அதுவரை பணத்தை வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும், அதுவும் ரிட்டர்ன் கெடுவுக்குள். விற்றது வீடா மனையா என்பதைப் பொறுத்து லாபத்தை மட்டும் போட்டால் போதுமா, வந்த பணம் முழுவதையும் போட வேண்டுமா என்பது மாறும். இதை நீங்களே படித்துச் செய்யப் பார்க்காதீர்கள்.

நிலம் விற்ற கணக்குக்கு ஆடிட்டர் ஐயாயிரம் பத்தாயிரம் கேட்டால் பேரம் பேசுகிறார்கள். அதே ஆள் புரோக்கருக்கு இரண்டு சதவீதம் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார்.

இவர்களும் போகத்தான் வேண்டும்

பங்குச் சந்தையில் வாங்கி வைத்து விற்பது மட்டும் என்றால் ஐடிஆர்-2. தரகு நிறுவனம் தரும் வரி அறிக்கையை வைத்துப் பொறுமைசாலி தானே போடலாம். அன்றே வாங்கி அன்றே விற்பதும், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸும் வியாபார வருமானம். ஒரே ஒரு முறை செய்திருந்தாலும் ஐடிஆர்-3. நஷ்டம்தானே, எதற்குக் காட்ட வேண்டும் என்று பையன்கள் கேட்கிறார்கள். ஆப்ஷன் நஷ்டத்தை எட்டு வருஷம் வரை முன்னெடுத்துச் சென்று வரும் லாபத்தில் கழிக்கலாம், கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் மட்டும். அதற்காகவாவது போங்கள். 12 லட்சம் வரை வரி இல்லை என்பதை நம்பிக் குறுகிய காலப் பங்கு லாபத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டவர்களும் உண்டு. அந்த லாபத்துக்குத் தனியாக 20 சதவீதம், அதில் 87ஏ தள்ளுபடி இல்லை.

மகளோ மகனோ சென்னையில் வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்து, தாய்க் கம்பெனியின் பங்குகள் சம்பளத்தோடு கிடைத்திருந்தால், விற்காவிட்டாலும் வெளிநாட்டுச் சொத்து என்று அட்டவணையில் காட்ட வேண்டும். அந்த அட்டவணை ஏப்ரல்–மார்ச் அல்ல, ஜனவரி–டிசம்பர் கணக்கில் போகும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் போட இடம் உண்டு. முதல் வருஷம் ஆடிட்டரை வைத்துப் போட்டு, அடுத்த வருஷம் அதைப் பார்த்து நீங்களே போட முயலலாம்.

வருஷத்தின் நடுவில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள், திரும்பி வந்தவர்கள், இந்தியாவில் இருந்த நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள், எல்லோரும் போங்கள். நண்பன் ஆரம்பித்த கம்பெனியில் பேருக்கு டைரக்டராகக் கையெழுத்துப் போட்டவர்களும்தான். அவர்களுக்கு ஐடிஆர்-1 கிடையாது.

ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பது

போர்டில் ஆடிட்டர் என்று எழுதியவரெல்லாம் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் இல்லை. எளிய ரிட்டர்னுக்கு அது முக்கியமும் இல்லை. அனுபவமுள்ள வரி ஆலோசகர் போதும். நிலம், வெளிநாடு, வியாபாரம் என்றால் ஐசிஏஐ (சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகளின் அமைப்பு) உறுப்பினர் எண் உள்ளவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் சம்பளக்காரர் ரிட்டர்னுக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரத்தைந்நூறு வரை வாங்குகிறார்கள். "ஃபீஸ் வேண்டாம் சார், வர்ற ரீஃபண்ட்ல பத்து பர்சன்ட் கொடுங்க" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ரீஃபண்டில் பங்கு கேட்பவர் ரீஃபண்டை எப்படிப் பெருக்குவார் என்று யோசித்துப் பாருங்கள். கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத கல்விக் கடன், குடியிருக்காத வீட்டு வாடகை எல்லாம் ரிட்டர்னில் ஏறும். 2025 ஜூலையில் வருமான வரித் துறை இந்த மாதிரி இடைத்தரகர்களைத் தேடி நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. தவறாக அறிவித்த வருமானத்துக்கு, வர வேண்டிய வரியில் 200 சதவீதம் அபராதம். அந்தத் தரகர் அப்போது கைப்பேசியை எடுக்க மாட்டார்.

ஒரு ஆசிரியர் பள்ளிக்கே நோட்டீஸோடு வந்தார். ரிட்டர்னில் 80ஜிஜிசி என்ற இடத்தில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தது. அது அரசியல் கட்சிக்குக் கொடுத்த நன்கொடைக்கான பிரிவு. மனிதர் கோயில் கொடைக்கு ஐந்நூறு எழுதவே நாலு நாள் யோசிப்பவர்! சக ஆசிரியர்கள் பலரும் அதே ஆளிடம் போட்டிருந்தார்கள். அப்டேட்டட் ரிட்டர்ன் (திருத்திய கணக்கு) போட்டு, வாங்கிய ரீஃபண்டையும் கூடுதல் வரியையும் கட்டித்தான் வெளியே வந்தார்கள்.

ஆடிட்டரிடம் கொடுத்தாலும் சில விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். தளத்தில் பதிவாகும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வேலை சுலபம் என்று ஆபீஸ் எண்ணையே போட்டுவிடுவார்கள். பிறகு நோட்டீஸ் அங்கே போய்த் தூங்கும். கடவுச்சொல் உங்களிடமும் இருக்கட்டும். சமர்ப்பிப்பதற்கு முன் கணக்கீட்டுத் தாளை வாங்கி, கழிவுப் பகுதியை மட்டுமாவது வரி வரியாகப் படியுங்கள். நீங்கள் கட்டாத ஒன்று அங்கே இருந்தால் கேளுங்கள். முடிந்ததும் ஒப்புகைச் சீட்டு மட்டும் போதாது, முழுப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருஷம் நீங்களே போடுவதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. நிலம் விற்ற வருஷம் ஆடிட்டரிடம் போனதால் மறு வருஷமும் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சம்பளக்காரர்களுக்குக் கெடு ஜூலை 31. 2025இல் செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள் என்பதற்காக ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தாமதமானால் ரூ. 5,000 கட்டணம், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் ரூ. 1,000. ஆடிட்டரிடம் போவதென்றால் ஜூன் கடைசி வாரமே போங்கள். ஜூலை கடைசி வாரத்தில் உங்கள் காகிதத்தை அவர் பார்க்க மாட்டார், பையன்தான் பார்ப்பான்.

சமர்ப்பித்த பின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பதை மறக்காதீர்கள். இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டதாகவே கணக்கில்லை. ரீஃபண்ட் வர வேண்டியவர்கள் வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டிச் சரிபார்த்து வையுங்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ 143(1) என்ற தகவல் கடிதம் மின்னஞ்சலில் வரும். அதைப் பார்த்துப் பதறி ஆடிட்டரிடம் ஓடுகிறவர்கள் உண்டு. நீங்கள் சொன்ன கணக்கு ஒரு பத்தியிலும் துறை போட்ட கணக்கு பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். இரண்டும் ஒன்று என்றால் வேலை முடிந்தது. வேறுபட்டால் எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். கோப்பு திறக்கவில்லை என்று வருகிறவர்களுக்கு: பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதி, மாதம், வருஷம் எட்டு இலக்கத்தையும் சேர்த்து அடித்தால் திறக்கும்.